பழைய விளையாட்டு கார்ட்ரிட்ஜ்களுக்கு எந்தச் சிப் புரோகிராமர்? டி48ஐ முன்வைத்து ஒரு மதிப்பீடு

பழைய விளையாட்டுக் கருவிகளின் கார்ட்ரிட்ஜைத் திறந்து, உள்ளிருக்கும் மாஸ்க் ரோமை (தொழிற்சாலையிலேயே விளையாட்டு நிலையாகப் பதியப்பட்ட சிப்பை) கழற்றிவிட்டு, தாம் எழுதிய விளையாட்டையோ ஆர்வலர்கள் புதிதாக எழுதி வெளியிட்ட விளையாட்டையோ வேறொரு சிப்பில் பதிந்து பொருத்த விரும்புகிறவர், சாலிடரிங் இரும்புக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது ஒரு புரோகிராமர், அதாவது சிப்பில் தரவைப் பதியும் கருவி. நான் இதுவரை மூன்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவது, கணினியின் பேரலல் போர்ட்டில் இணையும் பழைய வில்லெம் வகைப் பலகை. இரண்டாவது, எக்ஸ்ஜிகு நிறுவனத்தின் டிஎல்866-டூ பிளஸ். மூன்றாவது, அதே நிறுவனம் அதற்கு அடுத்த தலைமுறையாக வெளியிட்ட டி48. இந்த மதிப்பீடு பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. ஆயினும் கருவியின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு சிப்பைத் தேடும் வழக்கம் தலைகீழானது என்பது என் கருத்து என்பதால், சிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈப்ராம் என்பது புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் பதியக்கூடிய நினைவகச் சிப். 1971இல் இன்டெல் நிறுவனத்தில் பிறந்தது. அதில் ஒரு பிட்டைப் பதிய, படிக்கும்போது தேவைப்படும் 5 வோல்ட்டைவிட மிக உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அந்த உயர் மின்னழுத்தம் எல்லாச் சிப்புகளுக்கும் ஒன்றல்ல என்பதே தேர்வின் மையச் சிக்கல். 2716க்கும் 2732க்கும் 25 வோல்ட். 2732ஏ என்று ஓர் எழுத்து கூடினால் 21 வோல்ட். 2764க்கு 21 வோல்ட், 2764ஏ என்றால் 12.5 வோல்ட், 27256 தொடங்கி மேலே செல்லும் பெரிய சிப்புகளுக்கு ஏறக்குறைய 12.5 வோல்ட். குறைந்த மின்னழுத்தத்தில் பதிந்தால் சில பிட்டுகள் பதியாமல் நிற்கும். அதிகமாகக் கொடுத்தால் சிப் அந்த நொடியிலேயே செத்துவிடும். ஆகவே சிப்பின் முதுகில் உள்ள கடைசி எழுத்தைப் படிக்காமல் மென்பொருளில் பெயரைத் தேர்ந்தெடுப்பது, மருந்துச் சீட்டில் மில்லிகிராமைப் பார்க்காமல் மாத்திரை விழுங்குவதற்கு ஒப்பானது.

டிஎல்866-டூ பிளஸ் தரக்கூடிய உச்ச மின்னழுத்தம் 18 வோல்ட். அதற்கு முந்தைய டிஎல்866ஏ, டிஎல்866சிஎஸ் ஆகிய இரண்டும் 21 வோல்ட் வரை தந்தன என்பதால், புதியது வாங்கினால் எல்லாம் கூடியிருக்கும் என்று நம்பியவர்கள் இங்கே ஏமாந்தார்கள். டி48இல் அந்த உச்சம் 25 வோல்ட்டாக உயர்ந்தது. மற்ற மேம்பாடுகள் எவையாக இருந்தாலும், பழைய சிப்புகளோடு பழகுகிறவருக்கு இந்த ஒரு வேறுபாடுதான் பொருட்படுத்தத்தக்கது.

எனினும் இந்த வேறுபாடு எல்லோருக்கும் வேண்டியதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நின்டெண்டோவின் என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, சேகாவின் மெகா டிரைவ் ஆகிய மூன்று விளையாட்டுக் கருவிகளிலும் பயன்படும் சிப்புகள் ஏறக்குறைய 12.5 வோல்ட்டில் பதிபவை. அங்கே டிஎல்866-டூ பிளஸ் குறையின்றி வேலை செய்கிறது. அதை ஏற்கெனவே வைத்திருப்பவர் டி48க்கு மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. 25 வோல்ட் தேவைப்படுவது அட்டாரி 2600, அந்தக் காலத்து ஆர்கேட் பலகைகள் போன்ற 24 பின் (சிப்பின் உலோகக் கால்) உலகத்தில்தான். அட்டாரியின் சாதாரண கார்ட்ரிட்ஜ் 4 கிலோபைட் அளவுடையது. அதற்கு நேரான ஈப்ராம் 2732. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கருவி நினைவகத்தில் எந்த இடம் வேண்டும் என்று சொல்லும் முகவரித் தடங்களில் பன்னிரண்டாம் எண்ணுடையதன் மின்னழுத்தத்தை உயர்த்தித்தான் கார்ட்ரிட்ஜை அழைக்கிறது. ஈப்ராமோ தன் தேர்வுப் பின் தாழ்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். எனவே நடுவில் உயர்வைத் தாழ்வாக மாற்றும் 7404 போன்ற ஓர் இன்வெர்ட்டர் சிப்பை வைத்தாக வேண்டும். புரோகிராமர் சரியாகப் பதிந்தும் திரையில் ஒன்றும் வரவில்லை என்று முறையிடும் புதியவர்களில் பலர் இந்த இன்வெர்ட்டரை மறந்தவர்களே.

அடுத்த கேள்வி பின்களின் எண்ணிக்கை. டிஎல்866 குடும்பத்தின் சாக்கெட் 40 பின் கொண்டது. மெகா டிரைவில் அதிகம் பயன்படும் 27சி160, 27சி322 ஆகியவை 42 பின் சிப்புகள். முன்னது 2 மெகாபைட், பின்னது 4 மெகாபைட். 40 பின் சாக்கெட்டில் இவை நேராக உட்காரா. இதற்காக ஆர்வலர்கள் வடிவமைத்த அடாப்டர் பலகை ஒன்று உண்டு. அதில் மேல்முகவரித் தடங்கள் சிறு சுவிட்சுகளோடு இணைக்கப்பட்டிருக்கும். புரோகிராமரோ அந்தச் சிப்பை 512 கிலோபைட் அளவுள்ள 27சி4096 என்று நம்பிக்கொண்டு எழுதும். 27சி160ஐ நான்கு துண்டுகளாகவும் 27சி322ஐ எட்டுத் துண்டுகளாகவும், ஒவ்வொரு துண்டுக்கும் சுவிட்சை மாற்றி மாற்றிப் பதிய வேண்டும். எட்டில் ஐந்தாவது துண்டை எழுதும்போது சுவிட்சை மாற்ற மறந்து, முன்பே எழுதிய பகுதியின் மேல் எழுதிவிட்டு, சிப்பைப் புற ஊதா விளக்கின் அடியில் மீண்டும் படுக்க வைத்த மாலைகள் எனக்குச் சில உண்டு. மெகா டிரைவ்தான் உங்கள் முதன்மை ஆர்வம் என்றால், வாங்க எண்ணும் கருவியின் ஆதரவுப் பட்டியலில் இந்த இரண்டு சிப்புகளின் பெயரும் உள்ளனவா, அவற்றுக்கு எந்த அடாப்டர் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எக்ஸ்ஜிகுவின் பெரிய கருவியான டி56இல் சாக்கெட்டே 48 பின் கொண்டது. ஜிக்யூ-4எக்ஸ்4 என்ற மாற்றுக் கருவியும் நல்லதே. ஆனால் அதிலும் ஒரே நேரத்தில் இரண்டு பைட் தரும் 16 பிட் சிப்புகளுக்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும்.

16 பிட் சிப் என்றவுடன் பைட் வரிசை பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. மெகா டிரைவின் 68000 செயலி ஒவ்வொரு இரண்டு பைட் தொகுதியிலும் மதிப்பில் உயர்ந்த பைட்டை முதலில் வைக்கும். புரோகிராமர் மென்பொருள் கோப்பின் முதல் பைட்டைக் கீழ்த்தடங்களில் வைக்கும். இரண்டும் எதிரெதிர் வழக்கம் என்பதால், பதியும் முன் கோப்பில் உள்ள பைட்டுகளை இரண்டிரண்டாக இடம் மாற்ற வேண்டும். மாறியதா என்று அறிய எளிய வழி உண்டு. மெகா டிரைவ் கோப்பின் 256ஆம் பைட்டில் சேகாவின் பெயர் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். எஸ், இ, ஜி, ஏ என்ற அந்த வரிசை, இடம் மாறிய கோப்பில் இ, எஸ், ஏ, ஜி என்று தெரியும். பதியும் முன் மென்பொருள் கோப்பை வைத்திருக்கும் தாங்கல் நினைவகத்தில் இந்தக் கோணலான வரிசையைக் கண்டால் மனம் நிம்மதி அடையலாம்.

கோப்பைத் தயார் செய்வதில் மற்ற விளையாட்டுக் கருவிகளுக்கும் தனித்தனி நுணுக்கம் உண்டு. என்இஎஸ் கோப்பின் தொடக்கத்தில் உள்ள 16 பைட் தலைப்பு பழைய விளையாட்டுக் கருவியைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டர் மென்பொருளுக்காக வைக்கப்பட்டது. அது சிப்புக்குள் போகக் கூடாது. 40,976 பைட் கொண்ட கோப்பு என்றால், முதல் 16ஐ வெட்டி எறிந்து, அடுத்த 32,768 பைட்டை நிரலுக்கான 27சி256இலும், எஞ்சிய 8,192 பைட்டைப் படங்களுக்கான 27சி64இலும் பதிய வேண்டும். கையில் 27சி64 இல்லாமல் 27சி512 மட்டும் இருந்தால், அந்த 8 கிலோபைட்டை எட்டு முறை அடுக்கி முழுச் சிப்பையும் நிரப்பிவிட்டால் மேல்முகவரித் தடங்கள் எப்படி இருந்தாலும் கவலையில்லை. சூப்பர் நின்டெண்டோ கோப்புகளில் சிலவற்றில் பழைய நகலெடுக்கும் கருவிகள் விட்டுச்சென்ற 512 பைட் தலைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் அளவை 1,024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் அது இருக்கிறது என்று பொருள். இவற்றை எந்தப் புரோகிராமரும் உங்களுக்காகச் செய்து தராது.

ஈப்ராமா, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷா என்பது புரோகிராமர் தேர்வையே மாற்றக்கூடிய கேள்வி. எஸ்எஸ்டி39எஸ்எஃப்040 என்ற 512 கிலோபைட் ஃபிளாஷ் சிப்புக்கு உயர் மின்னழுத்தமே தேவையில்லை. 5 வோல்ட்டிலேயே அழியும், எழுதும். முழுச் சிப்பையும் அழித்து எழுத ஏறக்குறைய 8 வினாடி போதும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. விளையாட்டை எழுதிக்கொண்டே சோதிக்கிறவருக்கு இது பெரிய விடுதலை. சாளரம் உள்ள ஈப்ராமை அழிக்க 253.7 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் அடியில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் ஒரு வாரம் ஆகும். சாளரம் இல்லாத பிளாஸ்டிக் உடலில் வரும் ஈப்ராமை அழிக்கவே முடியாது. புற ஊதா விளக்கு கண்ணுக்குக் கேடு என்பதால் மூடிய பெட்டியில் உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். அதன் செலவையும் புரோகிராமரின் செலவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆனால் ஃபிளாஷை ஈப்ராமுக்குப் பதில் அப்படியே பொருத்திவிட முடியாது. 27சி040இல் 1ஆம் பின் உயர் மின்னழுத்தத்துக்கானது, 31ஆம் பின் பதினெட்டாம் எண் முகவரித் தடம். 39எஸ்எஃப்040இல் அந்த முகவரித் தடம் 1ஆம் பின்னுக்கு வந்துவிடுகிறது. 31ஆம் பின் எழுத அனுமதிக்கும் பின்னாகிறது. அந்த இரண்டு கால்களையும் வளைத்து, கம்பி இழுத்து, எழுதும் பின்னை 5 வோல்ட்டோடு கட்டிவைத்தால்தான் சிப் தன் நினைவைக் காப்பாற்றிக்கொள்ளும். 29எல்வி என்று தொடங்கும் ஃபிளாஷ் சிப்புகளோ 3.3 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றை 5 வோல்ட் கருவியில் நேரடியாகச் சொருகி, இயங்குகிறதே என்று மகிழ்கிறவர்கள் உண்டு. இயங்குவது வேறு, தாங்குவது வேறு. நடுவில் மின்னழுத்த மாற்றி வைக்காத பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகத்தையும் பார்க்க வேண்டும். சூப்பர் நின்டெண்டோவில் வேகமான ரோமைக் கேட்கும் விளையாட்டுக்கு 120 நானோ வினாடிக்குள் பதில் தரும் சிப் வேண்டும், மற்றவற்றுக்கு 200 போதும்.

இனி டி48 என்ற கருவியைப் பற்றி. யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. தனி மின் அடாப்டர் வேண்டாம். எக்ஸ்ஜிபுரோ என்ற அதன் விண்டோஸ் மென்பொருள் அழகானதல்ல. பட்டன்கள் நெருக்கமாக உள்ளன, ஆங்கில விளக்கங்கள் சில இடங்களில் திருகலாக உள்ளன. ஆனால் பட்டியல் மிகப் பெரியது, சிப்பின் பெயரில் சில எழுத்துகளைத் தட்டினாலே உரிய வரி வந்து நிற்கிறது. காலி சோதனை, பதிவு, சரிபார்ப்பு ஆகிய மூன்றும் எதிர்பார்ப்பதுபோல் நடக்கின்றன. பதியும் முன் பின்கள் சாக்கெட்டில் சரியாகத் தொடுகின்றனவா என்று சோதிக்கும் வசதியை நான் ஒருபோதும் அணைத்து வைப்பதில்லை. பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சிப்புகளின் கால்களில் துருவும் பழைய ஈயமும் படிந்திருக்கும்; அந்தச் சோதனை எந்தப் பின் தொடவில்லை என்று எண் குறிப்பிட்டுச் சொல்லிவிடுவதால், பஞ்சும் ஆல்கஹாலும் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. வில்லெம் பலகையில் இப்படி ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சிப்புக்கும் பலகையில் உள்ள சுவிட்சுகளை மாற்றி வைத்து, தவறாக வைத்தோமா என்று சந்தேகத்தோடே பொத்தானை அழுத்த வேண்டும். இன்றைய கணினிகளில் பேரலல் போர்ட்டே இல்லாத நிலையில் அதைத் தேடிப் போவதற்கு ஏக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸ், மேக் பயன்படுத்துவோருக்கு மினிபுரோ என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. டிஎல்866 குடும்பத்துக்காகத் தொடங்கிய அது பின்னர் டி48ஐயும் ஏற்றுக்கொண்டது. கட்டளை வரியில் இயங்குவதால் தலைப்பை வெட்டுவது, பைட் மாற்றுவது, பதிவது எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் கோத்துவிடலாம். எட்டுச் சிப்புகளை வரிசையாகப் பதிய வேண்டிய நாளில் இதன் அருமை புரியும்.

எதிர்பாராமல் எனக்கு அதிகம் பயன்பட்ட வசதி வேறொன்று. இந்தக் கருவி 74 வரிசைத் தர்க்கச் சிப்புகளையும் நிலை ராம் சிப்புகளையும் சோதிக்கும். விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜில் பேட்டரியை மாற்றிய பின்னும் சேமிப்பு நிற்கவில்லை என்றால், 62256 ராமைக் கழற்றி இதில் வைத்தால் குற்றவாளி அதுவா இல்லையா என்பது சில நொடிகளில் தெரிகிறது.

சிப்பின் அடையாள எண்ணைப் படிக்கும் வசதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண், ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண் என்று உள்ளே பொறிக்கப்பட்டிருக்கும். ஈப்ராம்களில் ஒன்பதாம் எண் முகவரித் தடத்தை ஏறக்குறைய 12 வோல்ட்டுக்கு உயர்த்தினால் சிப் அந்த எண்களை வெளியிடும். எஸ்எஸ்டி39எஸ்எஃப்040 என்றால் பதினாறடிமான முறையில் பிஎஃப், பி7. ஏஎம்டியின் 29எஃப்040 என்றால் 01, ஏ4. ஒருமுறை பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் பத்து 27சி801 வாங்கினேன். எல்லாவற்றின் மேற்பரப்பும் ஒரே சீராகப் பளபளத்தது. எழுத்துகள் புத்தம் புதிதாக இருந்தன. அந்த வகைச் சிப்புகள் புதிதாகக் கிடைப்பது அரிது என்பதை அப்போதே நினைத்திருக்க வேண்டும். அடையாள எண் படித்தபோது நான்கு சிப்புகள் வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லின, இரண்டு எதுவுமே சொல்லவில்லை. பழைய எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிய பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். மென்பொருளில் அடையாளச் சோதனையை அணைத்துவிட்டு வலுக்கட்டாயமாகப் பதியலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். மேலே சொன்ன மின்னழுத்த வேறுபாட்டை நினைத்தால், அது எவ்வளவு அபாயகரமான ஆலோசனை என்பது விளங்கும். நிறுவனம் மட்டும் மாறி, அளவும் மின்னழுத்தமும் பொருந்துகிற சிப்பாக இருந்தால், அடையாளம் காட்டும் உண்மையான பெயரையே மென்பொருளில் தேர்ந்தெடுத்துப் பதிவதே சரி. என் நான்கில் மூன்று அப்படிப் பிழைத்தன.

புரோகிராமரிலேயே போலிகள் உண்டு. டிஎல்866ஏ, டிஎல்866சிஎஸ் இரண்டின் உற்பத்தியும் நின்று நெடுங்காலம் ஆகிறது. அவற்றின் பெயரில் புதிதாக விற்கப்படுபவற்றில் நகல்கள் கலந்துள்ளன. 21 வோல்ட்டுக்காக அவற்றைத் தேடுகிறவர், அந்தத் தேடலுக்குப் பதிலாக டி48ஐ வாங்கிவிடுவது நல்லது.

டி48இன் குறைகளையும் சொல்ல வேண்டும். உயர் மின்னழுத்தத்தை உள்ளேயே உருவாக்கிக்கொள்வதால், மின்சாரம் போதாத யுஎஸ்பி ஹப்பில் இணைத்தால் பழைய, அதிக மின்சாரம் இழுக்கும் சிப்புகளில் சரிபார்ப்பு தோற்கிறது. கணினியின் போர்ட்டில் நேராக இணைத்தவுடன் அந்தச் சிக்கல் எனக்குத் தீர்ந்தது. மேற்பரப்பில் ஒட்டும் சிப்புகளுக்கான அடாப்டர்கள் சேர்ந்த பொதியாகவும், கருவி மட்டுமாகவும் விற்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் வேலைக்கு வேண்டியவை நான்கு பக்கமும் கால் உள்ள 32 பின் சிப்புக்கான அடாப்டரும், 48 பின் மெல்லிய சிப்புக்கான அடாப்டரும் மட்டுமே. இருபது அடாப்டர் கொண்ட பெரிய பொதியை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றில் பெரும்பாலானவை உறையைக் கூடப் பிரிக்காமல் இழுப்பறையில் தூங்குகின்றன.

இவ்வளவும் சிப்பைத் தனியாகக் கையில் எடுத்துப் பதிகிறவருக்கு. கேம் பாய் மட்டுமே உங்கள் ஆர்வம் என்றால், இந்த மதிப்பீட்டில் உள்ள எந்தக் கருவியும் உங்களுக்குத் தேவையில்லை. கேம் பாய்க்கான மறுபதிவுக் கார்ட்ரிட்ஜ்களில் ஃபிளாஷ் சிப் பலகையோடு ஒட்டியே வருகிறது. அதைக் கழற்றாமல் கார்ட்ரிட்ஜின் விளிம்பு வழியாகவே எழுத ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற சிறு கருவியும், ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருளும் போதும். அதே கருவி உங்கள் அசல் கார்ட்ரிட்ஜில் உள்ள சேமிப்பையும் கணினிக்கு எடுத்துத் தரும். டி48ஆல் அது முடியாது. என்இஎஸ்ஸுக்கும் கார்ட்ரிட்ஜ் வழியாகவே எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் பழைய பலகையை மறுபயன்பாடு செய்து ஈப்ராம் பொருத்துகிறவருக்கு அவை உதவா.

ஆக, என் தேர்வு இப்படி அமைகிறது. புதிதாக வாங்குகிறவர், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளின் கார்ட்ரிட்ஜ்களில் கைவைக்க எண்ணுகிறவர், டி48ஐ அடாப்டர் இல்லாத பொதியாக வாங்கி, தேவைப்படும் அடாப்டரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். டிஎல்866-டூ பிளஸ் வைத்திருப்பவர் அதையே வைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் நம்பகமான சிப்புகளையும் நல்ல புற ஊதா விளக்குப் பெட்டியையும் வாங்கலாம். மெகா டிரைவில் மட்டும் மூழ்கியிருப்பவர், 48 பின் சாக்கெட் உள்ள டி56ஐப் பரிசீலிக்கலாம். என் மேசையில் இப்போது டி48 இருக்கிறது. டிஎல்866-டூ பிளஸை விற்கவில்லை, ஃபிளாஷ் சிப்புகளுக்காக அது இன்னொரு கணினியில் எப்போதும் இணைந்தே இருக்கிறது.